செயினைக் கடைசியில் வாங்காதீர்கள்

மிதிவண்டியில் மோட்டார் பூட்டும் பாலிடெக்னிக் மாணவர்களுக்கும் பட்டறைத் தோழர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளே,

இறுதியாண்டுத் திட்டப்பணி தொடங்கிவிட்டால் நம் பாலிடெக்னிக்குகளின் பணிமனைகளில் மோட்டார் பூட்டிய மிதிவண்டி ஒன்றாவது உருவாகும். சைக்கிள் கடைகளிலும் வெல்டிங் பட்டறைகளிலும் இதே வேலை ஆண்டு முழுக்க நடக்கிறது. டீ கேனைக் கட்டிக்கொண்டு போகிறவர், மீன் பெட்டியோடு பாலம் ஏறுகிறவர், முழங்கால் தேய்ந்துபோன பெரியவர், பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிளைக் கல்லூரிக்கும் ஓட்டும் பெண் என்று பலர் அந்த வண்டியை நம்பிக் காத்திருக்கிறார்கள். புது மொபெட் வாங்கப் பணம் இல்லாதவருக்கு ஒரு மோட்டாரும் இரண்டு பேட்டரியும் வாழ்க்கையை எளிதாக்கிவிடும். இந்த வேலையில் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. இயந்திரவியல் சொல்லிக்கொடுக்கும் ஒருவன் என்ற உரிமையில்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

பொருள் வாங்கும் வரிசையைக் கவனியுங்கள். முதலில் மோட்டார். அடுத்து பேட்டரி, கன்ட்ரோலர், த்ராட்டில். கையில் இருந்த பணமெல்லாம் கரைந்த பிறகு, கடைசியாகச் செயின். "அரை அங்குலச் செயின் ஒண்ணு கொடுங்க" என்று கேட்டு, கொடுத்ததை வாங்கி வந்து மாட்டுகிறீர்கள். சில சமயம் பழைய இரும்புக் கடையில் எடை போட்டு வாங்கிய செயினும் வண்டி ஏறிவிடுகிறது. மோட்டார் கொடுக்கும் விசை முழுவதும் அந்தக் கடைசிப் பொருளின் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போக வேண்டும். ஓட்டுபவரின் கணுக்காலுக்கு மிக அருகில் சுழல்வதும் அதுதான்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. வாட்டைப் பார்த்துச் செயினைத் தேர்ந்தெடுக்காதீர்கள், இழுவையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அந்த இழுவையைப் பெரும்பாலும் முடிவு செய்வது மோட்டார் தண்டின் நுனியில் இருக்கும் சின்னப் பல்சக்கரம். ஆகவே செயின் கணக்கைப் போட்டு முடித்த பிறகுதான் மோட்டாரையே வாங்க வேண்டும்.

முதலில் காலின் பலத்தைப் பார்ப்போம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் மேட்டில் எழுந்து நின்று ஒற்றைப் பெடலில் முழு எடையையும் போடுகிறார். கிராங்க் நீளம் 17 சென்டிமீட்டர். முன்னால் இருக்கும் 44 பல் சக்கரத்தின் ஆரம் ஏறத்தாழ 8.9 சென்டிமீட்டர். 60-ஐ 17-ஆல் பெருக்கி 8.9-ஆல் வகுத்தால் செயினில் விழும் இழுவை சுமார் 115 கிலோ. எந்த மோட்டாரும் இல்லாமலே நம் சைக்கிள் செயின் இத்தனையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

இப்போது மோட்டார். நீங்கள் அதிகம் பயன்படுத்தும் வகையையே எடுத்துக்கொள்வோம்: 24 வோல்ட், 250 வாட், உள்ளேயே கியர் வைத்த பிரஷ் மோட்டார். தண்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 சுற்று சுற்றும். நுனியில் 9 பல் சக்கரம். அரை அங்குலச் செயினுக்கு ஒரு சுருக்கக் கணக்கு இருக்கிறது. வாட்டை 480-ஆல் பெருக்குங்கள். வந்த விடையைச் சுற்று எண்ணிக்கையாலும் பல் எண்ணிக்கையாலும் வகுங்கள். கிடைப்பது கிலோவில் இழுவை. 250-ஐ 480-ஆல் பெருக்கினால் 1,20,000. 300-ஐ 9-ஆல் பெருக்கினால் 2,700. வகுத்தால் 44 கிலோ.

480 எங்கிருந்து வந்தது என்று கேட்கும் மாணவர் இருக்க வேண்டும். திறனைச் செயினின் வேகத்தால் வகுத்தால் விசை. பல்சக்கரம் ஒரு நிமிடத்தில் எத்தனை கண்ணிகளை இழுத்துப் போடுகிறதோ, அதை 12.7 மில்லிமீட்டரால் பெருக்கினால் செயினின் வேகம். நியூட்டனைக் கிலோவாக்க 9.81-ஆல் வகுக்க வேண்டும். நிமிடத்தை நொடியாக்கி எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தால் 480 சொச்சம் வரும். தாளில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். அதன் பிறகு இந்தச் சூத்திரம் மறக்காது.

44 கிலோ என்பது வண்டி சமதளத்தில் சீராக ஓடும்போது உள்ள இழுவை. செயினுக்குச் சோதனை புறப்படும்போதும் மேட்டிலும்தான் வருகிறது. மோட்டார் திணறும்போது மின்னோட்டம் ஏறும். பிரஷ் மோட்டாரில் மின்னோட்டம் ஏறினால் முறுக்குவிசையும் அதே அளவில் ஏறும். எவ்வளவு ஏறலாம் என்பதை முடிவு செய்வது கன்ட்ரோலர். அது விடும் உச்ச ஆம்பியரை, மோட்டாரின் தகட்டில் எழுதியிருக்கும் ஆம்பியரால் வகுங்கள். தகட்டில் 13, கன்ட்ரோலரில் 26 என்றால் இரண்டு மடங்கு. நம் 44 கிலோ 88 ஆகிவிடும். "இன்னும் பிக்கப் வேணும்" என்று யாரோ கேட்டதற்காகக் கன்ட்ரோலரை மட்டும் பெரிதாக்கினால் செயினின் மேல் விழும் பாரத்தையும் கூட்டுகிறீர்கள். மோட்டார் மாறவில்லையே என்று அங்கே சமாதானம் சொல்ல முடியாது.

அறுபடும் வலிமைக்கும் உச்ச இழுவைக்கும் நடுவே இடைவெளி வேண்டும். குண்டும் குழியும், திடீர் அதிர்வும், தேய்மானமும், மாட்டியதில் இருக்கும் சின்னக் கோணலும் அந்த இடைவெளியைத்தான் தின்னும். செயின் வடிவமைப்பில் 7 மடங்கு முதல் 10 மடங்கு வரை விடுவது வழக்கம். நம் சாலைகளுக்கு 8 மடங்குக்குக் குறையாமல் விடுங்கள். 88-ஐ 8-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 700 கிலோ. ஒற்றை வேகச் சைக்கிளின் நல்ல செயின் சுமார் 800 கிலோ வரை அறாமல் தாங்கும். 250 வாட்டுக்குச் சைக்கிள் செயின் போதும் என்று கணக்கே சொல்லிவிட்டது. அது புதிய செயினாக, நல்ல தயாரிப்பாக இருக்க வேண்டும் என்பதையும் அதே கணக்குத்தான் சொல்கிறது, ஏனென்றால் மிச்சம் இருப்பது அதிகமில்லை.

இனி 500 வாட். அதே 300 சுற்று, அதே 9 பல் என்றால் ஓடும்போது 89 கிலோ, உச்சத்தில் 178, எட்டு மடங்கு வைத்தால் 1,400 கிலோவுக்கு மேல். சைக்கிள் செயின் இங்கே தோற்றுவிட்டது. மோட்டாரின் உருவம் கொஞ்சம்தான் பெரிது, விலையும் கொஞ்சம்தான் கூடுதல் என்பதால் அதே செயினை மாட்டி ஓட்டுகிறார்கள். முதல் வாரம் எதுவும் ஆகாது. நான் அஞ்சுவது அந்த முதல் வாரம் கொடுக்கும் தைரியத்தைத்தான்.

செயினின் மேல் எழுதியிருக்கும் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 410, 415, 420, 428 என்ற வரிசையில் முதல் இலக்கம் ஒரு பின்னிலிருந்து அடுத்த பின் வரை உள்ள தூரம். அங்குலத்தை எட்டாகப் பிரித்து அதில் எத்தனை பங்கு என்று அது சொல்கிறது. 4 என்றால் எட்டில் நான்கு, அதாவது அரை அங்குலம், 12.7 மில்லிமீட்டர். பின்னால் வரும் இரண்டு இலக்கங்கள் உள் அகலத்தைக் குறிக்கும். 10 என்றால் 1/8 அங்குலம், இதுதான் ஒற்றை வேகச் சைக்கிள் செயின். 15 என்றால் 3/16, 20 என்றால் 1/4, 28 என்றால் 5/16 அங்குலம். நம் ஊர் 100, 125 சிசி பைக்குகள் பலவற்றில் ஓடுவது 428. அறுபடும் வலிமை தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். தோராயமாக 420 என்றால் 1,600 கிலோ, 428 அதற்குச் சற்று மேல், 428-லேயே எச் என்று முடியும் கனமான வகை 2,000 கிலோவுக்கு மேல். 415 சைக்கிள் செயினுக்கும் 420-க்கும் நடுவில் நிற்கிறது, அதன் எச் வகை 420-க்கு அருகில் வரும். 500 வாட்டுக்கு நமக்குத் தேவைப்பட்ட 1,400 கிலோவை 420 தருகிறது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. தொழிற்சாலை இயந்திரங்களுக்கென்று 41 என்ற எண்ணில் ஒரு செயின் விற்கிறது. அரை அங்குல நீளம், கால் அங்குல அகலம், உருளையின் விட்டமும் ஒன்றே. 420-க்கான பல்சக்கரத்தில் அப்படியே உட்காரும். ஆனால் அதன் தகடு மெல்லியது, பின் சிறியது. அமெரிக்கத் தரம் அதற்குக் கேட்கும் குறைந்தபட்ச வலிமை 1,500 பவுண்டு, அதாவது 680 கிலோ. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சைக்கிள் செயினைவிட இரண்டு மடங்கு அகலம். ஆனாலும் அந்தத் தரம் உறுதியளிப்பது சைக்கிள் செயின் தாங்குவதைவிடக் குறைவு. அகலமாக இருக்கிறது, கனமாக இருக்கிறது என்று கண்ணால் அளந்து வாங்காதீர்கள். பொதி அட்டையில் இருக்கும் எண்ணைப் பாருங்கள், தயாரிப்பாளரின் அட்டவணையில் வலிமையைப் பாருங்கள். எண்ணும் இல்லை, பெயரும் இல்லை என்றால் அந்தச் செயினை வைத்துவிட்டு வாருங்கள்.

அம்பத்தூரில் டிஐ டயமண்ட் செயின், கோயம்புத்தூரில் ரோலான் என்ற பெயரில் எல்ஜிபி என, செயின் செய்வதில் நாட்டுக்கே பெயர்பெற்ற இடம் தமிழ்நாடு. எண் பொறித்த நல்ல செயின் நம் ஊரிலேயே செய்யப்படும்போது பெயரில்லாததைத் தேடிப் போக எந்தக் காரணமும் இல்லை.

செயினைப் பெரிதாக்குவது ஒரு வழி. பல்லைக் கூட்டுவது அதைவிட நல்ல வழி, அதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். மோட்டாரில் 9, சக்கரத்தில் 18 என்பதற்குப் பதிலாக மோட்டாரில் 18, சக்கரத்தில் 36 போடுங்கள். வேகம் மாறாது, மேடு ஏறும் திறனும் மாறாது. செயினில் இழுவை மட்டும் 44-லிருந்து 22 கிலோவாகப் பாதியாகிவிடும்.

அது மட்டுமில்லை. 9 பல் சக்கரத்தைச் சுற்றும்போது ஒவ்வொரு கண்ணியும் 40 பாகை மடங்க வேண்டும். 18 பல்லில் 20 பாகைதான். செயினுக்குத் தேய்மானம் வருவது இந்த மடிப்பில்தான். பாரத்தோடு மடங்கும்போது பின் புஷ்ஷுக்குள் உரசுகிறது. அதோடு, பல் குறையக் குறையப் பல்சக்கரம் வட்டமாகச் சுழல்வதை விட்டுப் பலகோணமாகச் சுழலும். தண்டு சீராகச் சுற்றினாலும் செயினின் வேகம் ஒவ்வொரு பல்லுக்கும் ஏறி இறங்கும். 9 பல்லில் அந்த ஏற்ற இறக்கம் 6 சதவீதம், 17 பல்லில் 2 சதவீதத்துக்கும் கீழ். நீங்கள் காலில் உணரும் அந்த நடுக்கம், காதில் கேட்கும் அந்தக் கரகரப்பு, இரண்டுக்கும் இது ஒரு முக்கியக் காரணம். இடம் இருந்தால் மோட்டாரில் 11 பல்லுக்குக் குறையாதீர்கள்.

மாணவர் திட்டங்களில் 25 என்ற மெல்லிய செயினும் வருகிறது. கண்ணி நீளம் கால் அங்குலம், குறைந்தபட்ச வலிமை 780 பவுண்டு, சுமார் 350 கிலோ. கியர் இல்லாத மோட்டார் நிமிடத்துக்கு 2,650 சுற்று சுற்றும்போது 11 பல் சக்கரத்தில் இழுவை 8 கிலோதான், அங்கே அது தாராளமாகப் போதும். ஆனால் நடுவில் ஒரு தண்டு வைத்து வேகத்தைக் குறைத்த பிறகு இழுவை பல மடங்கு ஏறிவிடும். முதல் கட்டத்தில் நன்றாக ஓடியது என்று அதே செயினை இரண்டாம் கட்டத்துக்கும் கொண்டுபோகக் கூடாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிக் கணக்கு வேண்டும்.

பெடல் தண்டிலேயே மோட்டாரைப் பொருத்தி, கியர் சைக்கிளின் செயினையே இழுக்க வைக்கும் முறையில் கால் கொடுக்கும் 115 கிலோவும் மோட்டார் கொடுப்பதும் ஒரே செயினில் சேரும். அதுவும் 3/32 அங்குலம் அல்லது அதைவிட ஒடுங்கிய செயின், முழு புஷ் கூட இல்லாதது. பல்லிலிருந்து பல்லுக்குத் தாவுவதற்காகச் செய்த செயின் அது. இழுவையோடு கியர் மாற்றினால் பக்கத் தகடு பின்னிலிருந்து பிதுங்கிவிடும். கியர் மாற்றும் நொடியில் த்ராட்டிலை விட வேண்டும் என்று ஓட்டுபவருக்குச் சொல்லுங்கள். மின் மிதிவண்டிக்கென்றே தயாராகும் செயினை மாட்டுங்கள்.

பெட்ரோல் எஞ்சின் பெட்டியோடு வரும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. 80 சிசி என்று விற்கும் அந்த இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினின் உண்மையான அளவு பெரும்பாலும் 66 சிசி. கூட வருவது 10 பல் சக்கரமும் 415 செயினும். இரண்டு குதிரைத்திறன் என்று வைத்துக் கணக்குப் போட்டால் சராசரி இழுவை 60 கிலோதான் வரும். ஆனால் ஒற்றை சிலிண்டர் எஞ்சின் சீராக இழுப்பதில்லை, ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு வெட்டு வெட்டி இழுக்கும். கிளட்சைச் சட்டென்று விட்டால் அதற்கு மேல் இன்னொரு வெட்டு. ஆகவே 415-லேயே எச் வகையை மாட்டுங்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(28) பிரிவு 25 சிசிக்கு மேற்படாத எஞ்சின் உள்ள, நான்குக்குக் குறைந்த சக்கர வண்டிகளுக்குத்தான் விலக்குத் தருகிறது. 66 சிசி எஞ்சின் பூட்டிய மிதிவண்டி சட்டத்தின் கண்ணில் மோட்டார் வாகனம். பதிவு இல்லாமல் சாலைக்குப் போக முடியாது. மின்சார வண்டிக்கு எல்லை வேறு: மோட்டார் 250 வாட்டுக்குக் கீழ், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழ், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குக் கீழ். இந்த எல்லைக்குள் நின்றால் சைக்கிளின் ஃபிரேம், பிரேக், செயின் மூன்றும் மோட்டாரோடு ஒத்துப்போகும். 1,000 வாட் கேட்டு வருகிறவரிடம், அதற்கு மிதிவண்டி ஏற்ற வண்டி இல்லை என்று சொல்லும் துணிவு உங்களுக்கு வேண்டும்.

செயினும் பல்சக்கரமும் ஜோடி. 410, 415, 420 மூன்றுக்கும் உருளையின் விட்டம் ஏறத்தாழ 7.75 மில்லிமீட்டர். அதனால் 415 செயின் சைக்கிளின் 3 மில்லிமீட்டர் பல்லிலும் ஏறி ஓடும், ஆனால் பக்கவாட்டில் அசையும். ஒடுங்கிய செயினைத் தடித்த பல்லில் ஏற்றவே முடியாது. 428-இன் உருளை 8.5 மில்லிமீட்டர், சைக்கிள் பல்லின் பள்ளத்தில் அது சரியாக உட்காராது. இரண்டு முனையிலும் ஒரே எண்ணுக்கான பல்சக்கரம் போடுங்கள். பழைய பல்லில் புதுச் செயினை மாட்டினால் சில நாளில் செயினையும் அது பழசாக்கிவிடும்.

வலிமையான செயினை வாங்கிய பிறகும் வண்டி விழலாம். 1903-ல் ரைட் சகோதரர்கள் பறக்கவிட்ட விமானத்தில் எஞ்சினிலிருந்து இரண்டு விசிறிகளுக்கும் விசையைக் கொண்டுபோனது செயின்தான், ஏனென்றால் அவர்கள் சைக்கிள் கடைக்காரர்கள். அந்தச் சோதனைகளில் அவர்களை வாட்டியது தண்டில் தளர்ந்துபோன பல்சக்கரமும் விரிசல் விட்ட தண்டும். சைக்கிள் டயர் ஒட்டும் பசையை உருக்கி ஊற்றித்தான் பல்சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினார்கள். செயினை மட்டும் பலமாக்கினால் பலவீனம் அடுத்த உறுப்புக்கு இடம் மாறும்.

உங்கள் வண்டியில் அந்த அடுத்த உறுப்பு ஃப்ரீவீல். வலப்பக்கம் பெடல் செயின் இருப்பதால் மோட்டார் செயின் இடப்பக்கம் வருகிறது. சாதாரண ஃப்ரீவீல் வலப்பக்கத்துக்காகச் செய்தது, மிதிக்க மிதிக்க அதன் மரை இறுகும். அதையே திருப்பி இடப்பக்கம் மாட்டினால் பிடிக்கும் திசை தலைகீழாகும், மரையும் இழுக்க இழுக்கக் கழலும். இதற்குப் பரிகாரமாக ஹப்போடு சேர்த்துப் பற்றவைக்கிறார்கள். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் எஃகின் கடினம் போய்விடும். இடப்பக்கத்துக்கென்றே செய்த ஃப்ரீவீலை வாங்குங்கள். இல்லையென்றால் ஆறு போல்ட் டிஸ்க் பிரேக் ஹப்பில் பல்சக்கரத்தை முடுக்கி, ஃப்ரீவீலை மோட்டார் பக்கம் வையுங்கள். ரப்பர் வட்டுகளை நடுவில் வைத்து ஸ்போக்ஸ் கம்பிகளைக் கவ்விப் பிடிக்கும் முறை வேண்டாம். சக்கரத்தைத் தாங்க வேண்டிய கம்பிகளை அது முறித்துவிடும்.

அடுத்து நேர்கோடு. இரண்டு பல்சக்கரங்களின் முகத்திலும் நீளமான ஸ்டீல் ஸ்கேலை வைத்துப் பாருங்கள், அல்லது நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். வண்டி நிற்கும்போது நேராக இருந்தால் போதாது, இழுக்கும்போதும் நேராக இருக்க வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுப் பின்சக்கரத்தைக் கையால் பின்பக்கமாக உருட்டுங்கள். மேல் செயின் இறுகும். அப்போது மோட்டாரைத் தாங்கும் பட்டை வளைகிறதா, முறுக்குகிறதா என்று பக்கத்தில் ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியும்படி அசைந்தால் அந்தப் பட்டை போதாது. பாரத்தில் பட்டை வளைந்து, செயின் கோணலாகி, பல்லின் மேலேறிக் கழன்று, ஹப்புக்கும் கம்பிக்கும் நடுவே சிக்கிச் சக்கரத்தைப் பூட்டிவிடும். "செயின் அறுந்துவிட்டது" என்று வரும் வண்டிகளில் நோய் பட்டையில் இருக்கலாம். அங்கேயும் பாருங்கள்.

செயினின் தொய்வை நடுவில் விரலால் தூக்கிப் பாருங்கள். 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை ஆட வேண்டும். சக்கரத்தை நான்கு இடங்களில் நிறுத்தி நான்கு முறை பாருங்கள், ஏனென்றால் எந்தப் பல்சக்கரமும் முழு வட்டமாக மையத்தில் உட்காருவதில்லை. இறுக்கும் உருளை வைப்பதாக இருந்தால் இழுவை இல்லாத கீழ்ச் செயினில் வையுங்கள், ஃபிரேமில் சுழன்றுவிடாதபடி போல்ட் போட்டு நிறுத்துங்கள். வெறும் கவ்வியில் நிற்கும் உருளை ஒருநாள் சுழன்று ஸ்போக்ஸுக்குள் போகும்.

இணைப்புக் கண்ணிதான் செயினில் மிகப் பலவீனமான இடம். முடிந்தவரை பின்னை அடித்து மூடும் இணைப்பைப் போடுங்கள். கிளிப் லாக் போட்டால் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும், திறந்த முனை முன்னால் இருந்தால் எதில் தட்டினாலும் கழன்றுவிடும். நீளம் சரியாக வரவில்லை என்று அரைக் கண்ணி சேர்ப்பதைத் தவிர்த்து மோட்டாரை நகர்த்துங்கள். பழைய செயினின் ஐந்தாறு கண்ணிகளைப் புதுச் செயினில் கோத்து நீளமாக்காதீர்கள். தேய்ந்த கண்ணியும் தேயாத கண்ணியும் ஒரே பல்லில் ஒத்துப்போகாது.

செயின் நீண்டுவிட்டது என்று நாம் சொல்வதெல்லாம் பின்னும் புஷ்ஷும் தேய்ந்ததன் கூட்டுத்தொகை. அளப்பது எளிது. 24 கண்ணிகள், பின் மையத்திலிருந்து பின் மையம் வரை, புதிதில் சரியாக 12 அங்குலம். அது 12 அங்குலத்துக்கு மேல் 1/16 வந்தால் அரை சதவீதத் தேய்மானம், புதுச் செயினுக்குச் சொல்லி வையுங்கள். 1/8 வந்தால் ஒரு சதவீதம், மாற்றிவிடுங்கள். தொழிற்சாலை இயந்திரங்களில் 2, 3 சதவீதம் வரை விடுவார்கள், ஆனால் அந்தச் செயின்கள் கூண்டுக்குள் ஓடுகின்றன, மேலே யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. எண்ணெய் சுத்தமானதாக இருக்கட்டும். எஞ்சினிலிருந்து வடித்த கரி எண்ணெயில் இரும்புத் துகள் இருக்கும், அது உராய்வுக் காகிதத்தின் வேலையைச் செய்யும். கண்ணி கண்ணியாக விட்டு, சிறிது நேரம் சுழற்றி, வெளியே வழிந்ததைத் துணியால் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேண்டிய இடம் உள்ளே இருக்கும் பின். வெளியே வழியும் எண்ணெய் புழுதியைத்தான் சேர்க்கும்.

இறுதியாகச் செயின் கார்டு. காலை நிறுத்தினால் பெடல் செயின் நின்றுவிடும். மோட்டார் செயின் அப்படி நிற்காது. சேலை முந்தானையோ, துப்பட்டாவோ, வேட்டி நுனியோ, குழந்தையின் விரலோ அதற்குள் போனால், பின்னால் 250 வாட் இழுத்துக்கொண்டே இருக்கும். மோட்டாரின் சின்னப் பல்சக்கரம் முழுவதும், மேல் செயின் முழுவதும் தகட்டால் மூடியிருக்க வேண்டும். பிரேக் பிடித்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் லீவரும் கட்டாயம் வேண்டும். கண்காட்சிக்கு அழகாகத் தெரிய வேண்டும் என்று கார்டைக் கழற்றிவிட்டு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தும் மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: அப்படிச் செய்யாதீர்கள். அந்தத் தகடும் உங்கள் வடிவமைப்பின் ஒரு பகுதி.

உங்களிடம் மூன்று கோரிக்கைகள். திட்ட அறிக்கையில் செயினுக்கென்று ஒரு முழுப் பக்கம் ஒதுக்குங்கள். இழுவை எவ்வளவு, உச்சம் எவ்வளவு, எத்தனை மடங்கு விட்டீர்கள், ஏன் இந்த எண் என்று அதில் எழுதுங்கள். தேர்வாளர் கேட்காவிட்டாலும் எழுதுங்கள். பட்டறைத் தோழர்களே, வண்டியைக் கொடுக்கும்போது செயின் எண், இரண்டு பல்சக்கரங்களின் பல் எண்ணிக்கை, மாற்ற வேண்டிய அளவு மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், ஃபிரேமிலும் பெயின்டால் எழுதி வையுங்கள். நாளை அவர் வேறொரு ஊரில் வேறொரு கடையில் நிற்கும்போது சரியான செயின் கிடைக்க அது ஒன்றுதான் வழி. மூன்றாவது கோரிக்கை உங்கள் இருவருக்குமே. வாங்கும் வரிசையை மாற்றுங்கள். பாரம் எவ்வளவு, மேடு எவ்வளவு என்று ஓட்டப்போகிறவரிடம் கேளுங்கள். இழுவையைக் கணக்கிடுங்கள். செயினையும் பல்சக்கரங்களையும் வாங்கி மேசைமேல் வையுங்கள். அவை எந்த மோட்டாரைத் தாங்குமோ, அந்த மோட்டாருக்கு மட்டும் பணம் கட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்களில் ஒருவன்